யோகா டவல் வழுக்குகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு எப்போதும் உள்ளங்கை வியர்க்கும். கையையும் காலையும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக ஸ்வானாசனத்தில் நின்றால் கை மெல்ல மெல்ல முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் வழுக்காத யோகா டவல் ஒன்று வாங்கி யோகா மேட்டின் (பாயின்) மேல் விரித்தேன். இப்போது முன்பைவிட மோசமாக வழுக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, டவலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எப்போது வழுக்குகிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். பயிற்சி ஆரம்பித்த முதல் 10 நிமிடமா, நன்றாக வியர்த்த பிறகா? முதல் 10 நிமிடம் என்றால் டவலில் குறை எதுவும் இல்லை, அது இன்னும் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த டவல்கள் பெரும்பாலும் மைக்ரோஃபைபர். பாலியஸ்டரும் நைலானும் கலந்த, மிக மெல்லிய இழைகளால் ஆன துணி. காய்ந்திருக்கும்போது தொட்டால் வழவழவென்று இருக்கும், அதன் மேல் காய்ந்த கையை வைத்து அழுத்தினால் நகரத்தான் செய்யும். லேசாக ஈரம் பட்டதும் அதே துணி கையைப் பிடித்துக்கொள்ளும். நம் தோலும் அப்படித்தான். புத்தகத்தின் பக்கம் புரளவில்லை என்றால் விரலை நனைத்துக்கொள்கிறோம் இல்லையா, கொஞ்சம் ஈரமான தோல் மிருதுவாகி, தொடும் பரப்பில் நன்றாகப் படிந்துவிடுகிறது. ஆனால் ஈரம் அளவு மீறினால் கைக்கும் மேட்டுக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நிற்கும், அப்போது மறுபடி வழுக்கும். வெறும் மேட்டில் உங்களுக்கு நடந்தது இதுதான், வியர்வை போவதற்கு இடமில்லை. டவல் அந்த மிச்ச வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, கைக்கு வேண்டிய ஈரத்தை மட்டும் விட்டுவைக்கிறது.

அதனால் ஆரம்பிக்கும் முன்பு ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கை வைக்கும் இடத்திலும் கால் வைக்கும் இடத்திலும் இரண்டு மூன்று முறை அடித்துவிடுங்கள். டவல் முழுவதையும் நனைக்க வேண்டாம், கனமாகி இழுபடும். வியர்க்க ஆரம்பித்த பிறகு தண்ணீர் தேவைப்படாது.

நன்றாக வியர்த்த பிறகும் வழுக்குகிறது என்றால், அடுத்ததாக எது நகர்கிறது என்று பார்க்க வேண்டும். கை டவலின் மேல் நகர்கிறதா, டவல் மேட்டின் மேல் நகர்கிறதா, மேட்டே தரையில் நகர்கிறதா? மூன்றும் ஒரே மாதிரிதான் தோன்றும், ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மேட் நகர்ந்தால் அதன் அடிப்பக்கத்துத் தூசியையும் தரையையும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு விரியுங்கள். டவல் சுருண்டு சுருண்டு வந்தால், பிடிமானத்துக்காக வைத்த ரப்பர் மாதிரியான சிலிகான் புள்ளிகள் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் டவலில் அந்தப் பக்கம் கீழே இருக்கிறதா என்று பாருங்கள், அவசரத்தில் பலரும் மாற்றி விரித்துவிடுகிறார்கள். சூரிய நமஸ்காரத்தில் காலைத் தாவிப் பின்னால் போடுகிறவர்களுக்கு, மூலைகளில் பை தைத்து மேட்டின் முனைகளில் மாட்டுகிற மாதிரி வரும் டவல் இன்னும் நல்லது.

கைதான் நகர்கிறது என்றால், சற்று முன்பு கையில் லோஷனோ எண்ணெயோ தடவினீர்களா என்று யோசியுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். அப்புறம், எந்த டவலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. கைக்கும் காலுக்கும் இடைவெளி மிக அதிகமாக இருந்தால் உடம்பின் பாரம் கையை முன்னால்தான் தள்ளும். காலைக் கொஞ்சம் கைக்குக் கிட்டே கொண்டுவாருங்கள், கை விரல்களை அகலமாக விரியுங்கள், ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் உள்ளங்கையில் சேரும் இடத்தை அழுத்தி ஊன்றுங்கள், மணிக்கட்டில் மட்டும் பாரத்தைப் போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்க்கிறது என்றால் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பலர் வெட்கப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் கேட்பதே இல்லை.

கேள்வி: இதற்கென்று தனியாக டவல் எதற்கு, குளித்துத் துவட்டும் டவலையே விரித்துக்கொண்டால் என்ன?

பதில்: படுத்தபடி செய்யும் ஆசனங்களுக்கும் சவாசனத்துக்கும் தாராளமாக விரிக்கலாம். நின்று செய்வதற்கு வேண்டவே வேண்டாம். அந்த டவலில் நூல் வளையம் வளையமாக எழும்பி நிற்கும், காலை ஊன்றித் திருப்பும்போது அது கூடவே உருளும், அடியிலும் பிடிமானம் எதுவும் இல்லை. ஒற்றைக்காலில் நிற்கும்போது துணி நகர்ந்தால் கணுக்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். உங்களுக்குக் கை மட்டும்தான் வியர்க்கும் என்றால் முழு நீள யோகா டவல்கூடத் தேவையில்லை. மேட்டின் முன்பக்கம் மட்டும் போடுகிற சிறிய டவல் கிடைக்கிறது, அடியில் சிலிகான் பிடிமானம் உள்ளதாக எடுங்கள். முழு நீளம்தான் வேண்டுமென்றால் பெரும்பாலானவை சுமார் 183 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம் இருக்கும். அகல மேட், நீள மேட் வைத்திருப்பவர்கள் முதலில் மேட்டை அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: வாங்கிய புதிதில் நன்றாக இருந்தது. நாலைந்து முறை துவைத்த பிறகு தண்ணீரையே உறிஞ்ச மாட்டேன் என்கிறது.

பதில்: துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் ஊற்றித் துவைத்தீர்களா? அநேகமாக அதுதான் காரணம். அது இழைகளின் மேல் மெழுகு மாதிரி படிந்து, உறிஞ்சும் தன்மையையும் பிடிமானத்தையும் சேர்த்தே கெடுத்துவிடும். கண்டிஷனரை நிறுத்திவிட்டு, கொஞ்சமாகச் சோப்புத்தூள் போட்டு இரண்டு மூன்று முறை நன்றாக அலசிப் பாருங்கள், பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போடாதீர்கள், அதன் பஞ்செல்லாம் இதில் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர் போதும், பிளீச்சும் இஸ்திரியும் கூடாது, நிழலில் உலர்த்துங்கள். அதிகச் சூடு சிலிகான் புள்ளிகளைக் கெடுத்துவிடும். ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் வைத்து மறந்துவிட்டால் வரும் நாற்றம் அவ்வளவு லேசில் போகாது.

கேள்வி: முட்டி வலிக்கிறது. மேட்டின் மேல் டவலும் போட்டால் குறையுமா?

பதில்: குறையாது. இந்த டவல் மெல்லிசு, மெத்தை மாதிரி தாங்காது. முட்டிக்குக் கீழே ஒரு போர்வையை மடித்து வையுங்கள், இல்லையென்றால் தடிமனான மேட்டுக்கு மாறுங்கள். பிலாட்டீஸ் உடற்பயிற்சி மாதிரி பெரும்பாலும் படுத்தே செய்கிறவர்களுக்கு டவலின் பயனே வேறு, பலர் பயன்படுத்தும் மேட்டில் நம் தோல் நேரடியாகப் படாமல் இருக்கும். 40 டிகிரி வரை சூடேற்றிய அறையில் செய்யும் ஹாட் யோகாவுக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும் டவல் இல்லாமல் போகாதீர்கள், அங்கே மேட்டில் வியர்வை தேங்கியே நிற்கும். முகம் துடைக்க இன்னொரு சின்னத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள், காலடியில் கிடக்கும் டவலை எடுத்து முகத்தைத் துடைக்க வேண்டியிராது.