கொக்கியின் பலம் சேஸிஸில்தான்

கேள்வி: கோத்தகிரியில் கேரட் மூட்டை ஏற்றும் பழைய பிக்கப். மழையில் தோட்டத்துச் சேற்றில் சிக்கினால் கயிறு மாட்ட இடமில்லை. கனமான இரும்பு பம்பர் அடித்து அதிலேயே கொக்கி வெல்டிங் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில், பம்பருக்கு முன்னால் புல் பார் என்ற கனமான இரும்புச் சட்டம் மாட்டுவதே சட்டப்படி தவறு. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பம்பரை மாற்றுவதானால் கம்பெனி பம்பராகவே மாற்றுங்கள்.

கொக்கிக்கு வருவோம். பம்பர் பிராக்கெட் இழுவையைத் தாங்காது, பிய்ந்து வரும். கொக்கியை சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு மாட்ட வேண்டும். சேஸிஸ் நுனியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்தாலோ துரு செதிலாக உதிர்ந்தாலோ முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வார்ப்புக் கொக்கி வாங்காதீர்கள். ஃபோர்ஜ் செய்தது (இரும்பைச் சூடாக்கி அடித்து உருவாக்கியது), லோடோடு வண்டி மூன்று டன் என்றால் ஐந்து டன்னாவது தாங்குவது, பக்கத்துக்கு ஒன்று. அதிக வலுவுள்ள 10.9 கிரேடு 12 மில்லி போல்ட், அதிர்விலும் தளராத நைலாக் நட், பின்னால் 8 மில்லி பிளேட். துளை சேஸிஸின் செங்குத்துப் பக்கத்தில் மட்டும். மேல், கீழ் மடிப்புகளில் போட்டால் அங்கிருந்தே விரிசல் ஓடும். பெட்டி வடிவ சேஸிஸானால் உள்ளே குழாய்த் துண்டு கொடுக்காமல் முடுக்கினால் சுவர் உள்வாங்கி, போல்ட் சீக்கிரமே தளரும். வெல்டிங்கை நம்ப வேண்டாம்: சூடு பட்ட ஓரம்தான் பின்னால் கிழிகிறது.

இழுக்கும்போது சக்கரத்தின் முன் சேற்றை வெட்டி எடுத்துவிட்டு மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் எந்தக் கொக்கியும் தாங்காது.