பழைய விபத்து அறிக்கை யாருக்குப் போய்ச் சேருகிறது? ரயில் பாதுகாப்பு கேள்வி பதில்

சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற உறுப்பினர், மற்றவர்கள் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.

தாம்பரம் வாசகர்: சார், விபத்து நடந்தால் ரயில்வே தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளுமா?

சின்னச் சம்பவங்களில் அப்படித்தான். பயணிகள் ரயிலில் உயிர்ச்சேதம் என்றால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வருவார். நாங்கள் சி.ஆர்.எஸ். என்போம். அவர் இருப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் காரணம் இருக்கிறது. சோதிக்கப்படுபவரிடமே சோதிப்பவர் சம்பளம் வாங்கக் கூடாது என்று 1941-ல் இந்தப் பிரிவை ரயில்வே போர்டிடமிருந்து பிரித்து, அன்றைக்கு இருந்த தபால், வான்போக்குவரத்து இலாகாவிடம் கொடுத்தார்கள். இன்றைய பெயர் 1961-ல் வந்தது.

ஆணையர்கள் எல்லோரும் ரயில்வேயிலிருந்து போனவர்கள்தானே என்று குறை சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே ரூமுக்குள் நுழைந்து பார்க்கத் தெரியாதவர் விசாரித்து என்ன பயன்? என் வருத்தம் வேறு. அவர் பரிந்துரைதான் செய்ய முடியும், ஏற்பதும் தள்ளுவதும் ரயில்வே போர்டு கையில்.

ராமேஸ்வரம் வாசகர்: புதிய பாம்பன் பாலத்திலும் அவர் குறை சொன்னாரே, பிறகு எப்படித் திறந்தார்கள்?

புதிய பாதையில் பயணிகள் ரயில் ஓட அவர் அனுமதி கட்டாயம். 2024 நவம்பர் அறிக்கையில், திட்டமிட்ட கட்டத்திலேயே குறைகள் இருந்ததையும் ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் தரநிர்ணய முறைகளை ஒதுக்கிவிட்டுப் போனதையும் கடுமையாகவே எழுதினார். பிறகு நிபந்தனையோடு அனுமதி: பாலத்தில் மணிக்கு 75 கி.மீ., கப்பலுக்காகத் தூக்கும் பகுதியில் 50. 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். அனுமதி கொடுத்தார் என்பதால் எழுதிய குறைகள் அழிந்துபோகாது. பத்து வருடம் கழித்து அங்கே பராமரிப்புக்கு வரும் பொறியாளர் முதல் வாரத்தில் படிக்க வேண்டியது அந்த அறிக்கையைத்தான்.

சேலம் வாசகர்: பாலசோர் விபத்தில் உண்மையில் என்னதான் தவறு?

2023 ஜூன் 2, ஒடிசா. கொல்கத்தா பக்கத்து ஷாலிமாரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில் மெயின் லைனுக்குப் பச்சை விழுந்தது. ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்ட் மட்டும் பக்கத்து லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய கூட்ஸ் நின்றது. சிதறிய பெட்டிகளில் எதிர்த்திசையில் போன பெங்களூரு–ஹவுரா ரயிலின் பின்பகுதியும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சிக்னலையும் பாயிண்டையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங்கின் வேலையே, பாயிண்ட் சரியாக இல்லாவிட்டால் பச்சை விழாமல் தடுப்பதுதான். அதை ஏமாற்றியது ஒயரிங். அந்த ஸ்டேஷனில் முன்பொரு காலத்தில் சர்க்யூட்டில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். 94-ஆம் நம்பர் லெவல் கிராசிங் கேட்டின் லொகேஷன் பாக்ஸில், அதாவது தண்டவாளத்தோர ஒயர்ப் பெட்டியில், ஒயர்களுக்கு எழுதியிருந்த பெயர்கள் நிஜத்தோடு பொருந்தவில்லை. வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. விபத்தன்று கேட் தடுப்பை மாற்றும் வேலை நடந்தபோது, வேலை செய்தவர்கள் அந்த எழுத்தை நம்பி இணைப்புக் கொடுத்தார்கள். வீட்டு ஸ்விட்ச் போர்டில் 'ஃபேன்' என்று எழுதியதை நம்பி மோட்டார் ஒயரைத் தொடுவது மாதிரி.

இதற்கு மேல் ஒன்று உண்டு, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. 2022 மே 16-ல், அதே தென்கிழக்கு ரயில்வேயின் காரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில் தவறான ஒயரிங்கால் இதே வகைச் சம்பவம் நடந்தது. அப்போதே திருத்தியிருந்தால் பாஹாநாகா நடந்திருக்காது என்று ஆணையரே எழுதினார். ஒரே கோட்டம், இடையில் ஒரு வருடம். ஒருவரும் சாகவில்லை என்பதால் அந்த முதல் சம்பவம் பாடமாகவில்லை.

விபத்துக்குப் பின் ரிலே ரூம், லொகேஷன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் இரட்டைப் பூட்டு என்று உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் எழுத்தே தப்பாக இருந்தால் பூட்டு என்ன செய்யும்?

கோவை வாசகர்: கவச் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாமா?

இல்லை. கவச் என்பது ரயில்கள் மோதாமல் தானாகவே பிரேக் போடும் ஏற்பாடு. அது தனக்கு வேண்டிய தகவலை இன்டர்லாக்கிங்கிடமிருந்துதான் வாங்குகிறது. அதுவே பொய் சொன்னால் கவச்சும் நம்பும்.

அரியலூர் வாசகி: எங்கள் ஊர் விபத்தைப் பற்றி பதவி விலகல் மட்டும்தானே பேசுகிறார்கள், ஐயா?

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. 1956 நவம்பர் 23 விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்று வெள்ளத்தில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார், துணை அமைச்சர் அழகேசன் பெயர் தேர்தல் முழக்கமாயிற்று. பாலத்தை ஆறு எப்படி அரித்தது என்பதை யாரும் பேசுவதில்லை.

அந்த மாதிரி வெள்ளத்துக்காக ரயில்வேயில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எந்த ஏரி உடைந்தால் தண்டவாளம் போகும் என்று பட்டியல் வைத்திருப்பார்கள். வருடா வருடம் மழைக்கு முன்னால் ரயில்வேக்காரரும் மாநில அரசு அதிகாரியும் சேர்ந்து அந்தக் கரைகளைப் போய்ப் பார்க்க வேண்டும். பாலத் தூணில் அபாய மட்டம் வரைந்திருக்கும், மழை ராத்திரியில் பேட்ரோல்மேன் விளக்கோடு நடப்பார். கூட்டாய்வுக்குப் போகாமல் போன வருடத் தாளிலேயே கையெழுத்துப் போட்டால் பட்டியல் இருக்கும், உள்ளே ஏரி மாறியிருக்கும். புதிதாக முளைத்த லேஅவுட்டும், தூர்ந்துபோன மதகும் அதில் வராது.

திருச்சி, சிவில் மாணவர்: அனுபவசாலிகள் ஓய்வு பெற்றுப் போனால் அறிவை எப்படிக் காப்பது? சாஃப்ட்வேர் போதுமா?

தம்பி, சாஃப்ட்வேருக்கு முன்னால் ஒரு பென்சில் போதும். ஒயரை இடம் மாற்றினால் அன்றைக்கே டிராயிங்கைத் திருத்து, தேதி போடு, பெயர் போடு. பாயிண்ட் தரையில் எந்தப் பக்கம் கிடக்கிறது, ஸ்டேஷனில் இருக்கும் சிக்னல் பேனல் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று மெமோ கொடுக்காதே. இதெல்லாம் விதியில் இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை எத்தனை நேரம் நிறுத்தி வைப்பார் என்ற நெருக்கடியில்தான் விதி நழுவுகிறது.

புதிதாக வருபவர் பழையவரோடு ஒரு மழைக்காலமாவது சேர்ந்து நடக்க வேண்டும். இன்று மாற்றல் உத்தரவு வந்தால் சாவியும் ரிஜிஸ்டரும் மட்டும் கைமாறுகின்றன. கான்ட்ராக்டில் செய்யும் வேலைகளில் அதுகூட இல்லை; பில் பாஸ் ஆனதும் ஆளே மாறிவிடுவார்.

விருத்தாசலம் வாசகர்: அப்பா தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். எந்த இடத்தில் ஜல்லி இறங்கும் என்று இன்றும் சொல்வார். எழுதி வைத்தால் பயன் உண்டா?

கண்டிப்பாக உண்டு. ஆனால் ஊர்ப் பெயர் போதாது, கிலோமீட்டர் வேண்டும். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த மாத மழையில், எந்தப் பக்கம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிறகு அந்தப் பகுதித் தண்டவாளத்தைக் கவனிக்கும் பி.டபிள்யூ.ஐ. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நகல் அனுப்புங்கள். இப்போது எஸ்.எஸ்.இ. என்று பலகை இருக்கும், அதே அறைதான்.