தகப்பனுக்கும் நண்பனுக்கும் நடுவே: 1 சாமுவேல் 19, 20 குறித்த கேள்வி பதில்

தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் அரசனுக்கும், தாவீதோடு நட்பு உடன்படிக்கை செய்திருந்த சவுலின் மகன் யோனத்தானுக்கும் இடையே நிகழ்ந்தவை பற்றி வாசகர்கள் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, தாவீதைக் கொல்லும்படி சவுலே 19ஆம் அதிகாரத்தில் யோனத்தானிடம் சொல்லியிருக்க, அடுத்த அதிகாரத்தில் அவன் ஒன்றும் அறியாதவன்போல் பேசுவது முரண்பாடல்லவா?

பதில்: முரண்பாடு என்று நான் கருதவில்லை. யோனத்தான் பரிந்து பேசியபின், தாவீது கொலை செய்யப்படுவதில்லை என்று சவுல் கர்த்தருடைய பேரில் ஆணையிட்டான். அந்த ஆணையை மகன் நம்பியதற்கான காரணத்தை 14ஆம் அதிகாரத்தில் தேடலாம். போர்நாளில் எவரும் உண்ணக்கூடாது என்று சவுல் இட்டிருந்த ஆணையை அறியாமல் யோனத்தான் தேனைச் சுவைத்தபோது, சொன்ன சொல்லுக்காக அந்த மகனையே கொல்லச் சவுல் துணிந்தான். மக்கள்தாம் அவனைத் தப்புவித்தார்கள். அப்படிப்பட்டவன் மற்றோர் ஆணையை மீறுவான் என்று மகன் எப்படி எண்ணுவான்? தங்கள் நட்பை அறிந்திருப்பதாலேயே சவுல் தன் கொலை எண்ணத்தை மறைக்கிறான் என்று தாவீதுதான் அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது.

கேள்வி: தாவீது பெத்லெகேமில் குடும்பப் பலிக்குப் போயிருப்பதாக யோனத்தான் சவுலிடம் சொன்னது பொய்தானே?

பதில்: ஆம், தாவீது அப்போது வயலில் ஒளிந்திருந்தான். வேதபகுதி அதைக் கண்டிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை.

கேள்வி: அமாவாசை விருந்தில் சவுல் மகனின் தாயை இழுத்து வசைபாடுவது ஏன்?

பதில்: மகன் தன் பக்கம் இல்லை என்பதைத் தாங்க முடியாத தகப்பனின் சீற்றம் அது. ஆனால் வசையைத் தொடர்ந்து அவன் சொல்வது அரசியல் கணக்கின்படி சரியானதே: ஈசாயின் மகனான தாவீது உயிரோடிருக்கும்வரை யோனத்தானின் அரசு நிலைபெறாது. பட்டத்துக்குரியவன், தனக்கு வரவேண்டிய அரியணையைக் காக்கும் கொலையைத் தடுக்கிறான். “அவன் ஏன் கொல்லப்பட வேண்டும், என்ன செய்தான்?” என்ற கேள்விக்கு விடையாகப் பறந்தது ஈட்டி, தாவீதின்மேல் எறியப்பட்டது போலவே இப்போது மகன்மேலும் எறியப்பட்டது.

கேள்வி: பிறகு இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்களே, அம்புகளால் அடையாளம் காட்டியது எதற்கு?

பதில்: தன்னைப் பின்தொடர்ந்து வேவுகாரர் வருவார்களோ என்பது யோனத்தானுக்கு முன்கூட்டித் தெரியாது, பேச இயலாமற்போனால் அம்பே செய்தி சொல்லும். எய்த அம்புகளைப் பொறுக்க உடன்வந்த சிறுவனுக்கு ஒன்றும் தெரியாது என்று 39ஆம் வசனம் குறிப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அறியாமைகூட அந்நாட்களில் முழுப் பாதுகாப்பாக இருக்கவில்லை. நோபு ஊரின் ஆசாரியனான அகிமெலேக்கு, சூழ்ச்சி ஏதுமறியாமல் தாவீதுக்கு அப்பம் கொடுத்ததற்காக, 85 ஆசாரியர்கள் ஏதோமியனான தோவேக்கின் கையால் வெட்டுண்டார்கள். அந்தக் கொலைக்குச் சற்று முன்புதான், தன் மகன் ஈசாயின் மகனோடு உடன்படிக்கை செய்ததை எவரும் தனக்கு அறிவிக்கவில்லை என்று சவுல் தன் ஊழியரிடம் புலம்பினான்.

கேள்வி: யோனத்தான் ஏன் தாவீதோடு போய்விடவில்லை?

பதில்: 20ஆம் அதிகாரத்தின் முடிவில் தாவீது புறப்பட்டுப் போகிறான், யோனத்தானோ நகரத்துக்குத் திரும்புகிறான். நண்பனைக் காப்பாற்றியவன் தகப்பனுக்கு எதிராக ஆயுதம் ஏந்தவில்லை. பின்பு சீப் வனாந்தரத்தில் தாவீதைச் சந்தித்துத் திடப்படுத்திவிட்டும் தன் வீட்டுக்கே போனான். கடைசியில் கில்போவா மலையில் நடந்த போரில் சவுலோடு மடிந்தான். இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. எந்தப் பக்கத்தையும் முற்றிலும் கைவிடாததால் இரண்டு பக்கத்து ஆபத்தையும் அவன் சுமந்தான்.

கேள்வி: சவுலின் மகளும் தாவீதின் மனைவியுமான மீகாளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

பதில்: பேசத்தான் வேண்டும். கணவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, கட்டிலில் அவனுக்குப் பதிலாகச் சுரூபத்தை (சிலையை) கிடத்திக் காலம் கடத்தியவள் அவள். தாவீது கொன்றுவிடுவதாக மிரட்டினான் என்று அவள் தகப்பனிடம் சொன்ன பொய்யைச் சிலர் குறைகூறுகிறார்கள். யோனத்தானைப் போல் சவுலை எதிர்த்து வாதாடும் இடம் அவளுக்கு எங்கே இருந்தது? சவுல் அவளைப் பல்த்தி என்பவனுக்கு மனைவியாகக் கொடுத்தான். ஆண்டுகள் கழித்து, அழுதுகொண்டே பின்னால் வந்த அந்த மனிதனிடமிருந்து அவளைப் பிரித்துத் தாவீது திரும்பப் பெற்றான். யோனத்தானுக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை நினைத்து அவன் மகன் மேவிபோசேத்தைத் தாவீது தன் பந்தியில் அமர்த்தினான். மீகாளுக்கு அப்படியொரு சத்தியம் செய்ததாக எங்கும் எழுதப்படவில்லை.