பார்வைத் தூரம் இருந்தது, அடிவானம் இல்லை

கேள்வி: தனியார் பைலட் உரிமத்துக்குப் பயிற்சி எடுத்துவருகிறேன். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இறந்த விமான விபத்தில் பார்வைத் தூரம் விதிப்படி போதுமானதாகவே இருந்தது என்கிறார்கள். பிறகு எப்படி விழுந்தது? மூட்டத்தில் மாட்டினால் நான் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்: விதி கேட்பது பார்வைத் தூரத்தை. இறக்கைகளை மட்டமாக வைத்திருக்க நமக்குத் தேவை அடிவானம். அன்று இரவு கடல்மேல் அது இல்லை.

1999 ஜூலை 16, இரவு 8.38. நியூஜெர்சியிலிருந்து பைப்பர் சரடோகா என்ற சிறு விமானத்தைத் தானே ஓட்டியபடி, மனைவி, மனைவியின் அக்கா இருவரையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிக் கிளம்பினார் கென்னடி. கனெக்டிகட் கரை நெடுக ஊர் விளக்குகள் துணைக்கு வந்தன. அதைத் தாண்டினால் கீழே இருண்ட கடல், மேலே இருட்டு, நடுவில் மூட்டம். அன்றிரவு அதே பக்கம் பறந்த இன்னொரு பைலட், தீவில் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தாராம். அந்த அளவுக்கு ஒரு விளக்குகூடத் தெரியவில்லை.

கென்னடியை அவசரக்காரர் என்று திட்டி முடித்துவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுமார் 310 மணி நேரம் பறந்தவர், கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான பயிற்சியிலும் இருந்தார். அந்தத் தகுதிச் சான்று மட்டும் கைக்கு வரவில்லை. கடல்மேல் இறங்கும்போது திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதே விசாரணை முடிவு. கடைசியில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேலான வேகத்தில் இறங்கியதை ரேடார் காட்டியது.

காரணம் காதுக்குள் இருக்கிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால், உள்காதுத் திரவம் சுமார் 20 நொடிகளில் அந்தச் சுழற்சியோடு சேர்ந்துவிடும். நேராகப் பறப்பதாகவே தோன்றும். இறக்கையை மட்டமாக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வதுபோல இருக்கும். கை தானாகவே பழைய சாய்வுக்குத் திருப்பிவிடும். இப்படிச் சாய்ந்தபடி சுற்றிச் சுற்றி இறங்குவதுதான் சுழல்; உயரம் குறைகிறதே என்று விமானத்தின் மூக்கைத் தூக்கினால் அது இன்னும் இறுகும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: கண்ணை வெளியே அலையவிடாமல், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியில் நிறுத்துங்கள். உடம்பு என்ன சொன்னாலும் கருவி சொல்வதைக் கேளுங்கள். சுழலில் இறங்கி வேகம் கூடினால் முதலில் பவரைக் குறையுங்கள், அடுத்து இறக்கைகளை மட்டமாக்குங்கள், அதற்குப் பிறகுதான் மூக்கை மெதுவாகத் தூக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. ஆட்டோபைலட் இருந்தால், குழப்பம் முற்றுமுன் போட்டுவிடுங்கள். கென்னடியின் விமானத்திலும் அது இருந்தது.

அடிவானம் மங்குகிறதே என்று சந்தேகம் வந்ததுமே, கருவியைப் பார்த்தபடி மெதுவாக 180 பாகை திரும்பி வந்த வழியே போய்விடுங்கள். கட்டுப்பாட்டு அறையிடம் உதவி கேட்கத் தயங்காதீர்கள். வெளியே தெரியாதபடி மறைப்பு மாட்டிக்கொண்டு, பயிற்சியாளர் வேண்டுமென்றே விமானத்தைக் கோணலாக்கித் தர, நீங்கள் நேராக்கிப் பழகும் பாடம் ஒன்று உண்டு. அடுத்த வகுப்பில் அதைக் கேட்டு வாங்குங்கள்.