கம்பி கட்டுற கதை: பேஸ் கிட்டார் நட் கேள்விகள்

இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சு பாத்தா முக்காவாசி நட் பத்தித்தான், அதாவது கழுத்தோட மேல் முனையில ஸ்ட்ரிங் எல்லாம் உக்கார்ற அந்த சின்னப் பட்டை. அதனால இந்த வாரம் பிக்கப், ஆம்ப் எல்லாம் லீவு.

அண்ணே, சர்ச் கொயர்ல பேஸ் வாசிக்கிறேன். போன வாரம் ஸ்டாண்டோட சாஞ்சு விழுந்ததுல ஈ ஸ்ட்ரிங் பக்கம் நட்டோட மூலை பேந்துருச்சு. ஸ்ட்ரிங் நிக்க மாட்டேங்குது, வெளிய வழுக்கிட்டு போகுது. நாலு ஸ்ட்ரிங், ஜாஸ் பேஸ் மாடல். எங்க ஊர்ல ரிப்பேர் ஆளே கிடையாது, நானே மாத்திரலாமா?
– ஒரு வாசகர், நாசரேத்

தாராளமா மாத்தலாம் தம்பி. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, விழுந்த கிட்டார்னா நட்டை விடுங்க, ஹெட்ஸ்டாக்குக்கு (டியூனிங் சாவி இருக்குற தலைப்பகுதி) பின்னாடி கழுத்து வளையுற இடத்துல மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க. அங்க விரிசல் இருந்தா நட்டு ரெண்டாவது வேலை. இன்னொண்ணு, பேந்த துண்டை தூக்கி போட்டுறாதீங்க, கூட்டிப் பெருக்கி போயிருந்தா குப்பையில தேடியாச்சும் எடுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வாசிச்சே ஆகணும்னா அந்த துண்டை ஃபெவிக்விக் வச்சு ஒட்டி சமாளிக்கலாம், ஆனா ஈ ஸ்ட்ரிங் இழுவை மட்டும் 17, 18 கிலோ வரும், ரொம்ப நாள் தாங்காது. துண்டு வேணும்னு நான் சொல்றதுக்கு முக்கிய காரணம் அது இல்ல, புது நட்டுக்கு அதுதான் அளவு. எந்த ஸ்ட்ரிங் எங்க உக்காந்துச்சு, ஓரத்துல எவ்வளவு விட்டிருந்தான், எல்லாம் அந்த உடைஞ்ச நட்டுலயே எழுதியிருக்கு.

வாங்குறப்போ ஹார்டுவேர் கடைக்கு போய் நட்டு குடுங்கன்னு கேட்டா போல்ட்டோட சேத்து குடுப்பான், ஆன்லைன்தான் வழி. வீணையில மேரு பண்ற வேலையத்தான் இது பண்ணுது, ஸ்ட்ரிங் அதிர ஆரம்பிக்கிற எல்லை. ஃபெண்டர் கம்பெனியோட ஜாஸ் பேஸ்னா நட் அகலம் சுமாரா 38 மி.மீ., அவங்களோட பிரெசிஷன் பேஸ்னா 41 மி.மீ.க்கு பக்கத்துல, பழைய மாடல்ல 44 வரைக்கும் போகும். ஆனா இந்த நம்பரை நம்பி ஆர்டர் போடாதீங்க, உங்க கிட்டாரை வெர்னியர்ல அளந்து போடுங்க, காப்பி மாடல்ல எல்லாம் அவனவன் இஷ்டம். கனம் 3 மி.மீ. சொச்சம் இருக்கும், அதையும் அளந்துக்கோங்க. ஏற்கனவே ஸ்லாட் (ஸ்ட்ரிங் உக்கார்ற வெட்டு) வெட்டினது கிடைக்கும், வெட்டாத கட்டையும் கிடைக்கும். முதல் தடவைங்கிறதால வெட்டினதே வாங்குங்க, உயரம் கொஞ்சம் கூடவே வச்சு அனுப்புவான், நீங்க இறக்கிக்கணும், ஒட்டின உடனே வாசிச்சிரலாம்னு நினைக்காதீங்க.

கழட்டுறதுதான் நிறைய பேர் சொதப்புற இடம். நட்டையும் மரத்தையும் சேத்து வார்னிஷ் ஓடியிருக்கும், அத பிளேடால சுத்தி மெதுவா கோடு கீறி அறுத்து விடணும், இல்லன்னா நட்டு வரும்போது பெயிண்டும் செதில் செதிலா கூட வந்துரும். ஜாஸ் பேஸ்ல நட்டு ஒரு பள்ளத்துக்குள்ள உக்காந்திருக்கும், அதனால முன்னாடி இருந்து தட்டக்கூடாது, பக்கவாட்டுல சின்ன மரக்குச்சி வச்சு லேசா தட்டி தள்ளணும். பள்ளம் இல்லாம, விரல் வைக்கிற ஃப்ரெட்போர்டு முடியுற இடத்துல நிக்கிற டைப்னா மட்டும் ஃப்ரெட்போர்டு பக்கத்துல இருந்து ஒரு கட்டைய வச்சு ஒரு தட்டு. ரெண்டுக்கும் மசியலைன்னா ஹாக்சா பிளேடால நட்டோட நடுவுல நீளவாக்குல, கீழ மரத்தை தொடாம கிட்டத்தட்ட அடி வரைக்கும் அறுத்துட்டு குறடால அமுக்குனா உள்ள மடங்கி வந்துரும். உங்களுது ஏற்கனவே உடைஞ்ச நட்டுதானே, பாவம் பாக்காதீங்க.

பள்ளத்துல பழைய பசை இருந்தா சுரண்டி எடுங்க, மரத்தை சுரண்டிறாதீங்க. அடிப்பாகம் தட்டையா, இல்ல ஃப்ரெட்போர்டு மாதிரியே லேசா வளைஞ்சு இருக்கான்னு பாருங்க, ஃபெண்டர் டைப்ல ரெண்டும் உண்டு. வளைஞ்சிருந்தா உப்புத்தாளை சொரசொரப்பு மேல பாக்க ஃப்ரெட்போர்டு மேல விரிச்சு நட்டோட அடியை அதுல தேச்சா அதே வளைவு வந்துரும். உக்கார வச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பாத்தா அடியில வெளிச்சம் கசியக்கூடாது.

இப்போ ஸ்லாட் ஆழம். பொறுமை வேணும், நான் முதல்ல பண்ண நட்டுல இத அவசரத்துல ரெண்டே இழுப்பு கூட இழுத்துட்டு, அன்னைக்கு சாயங்காலம் கச்சேரி முழுக்க ஓப்பன் ஈ (விரல் வைக்காம அடிக்கிற ஈ) வர்ற இடத்துல எல்லாம் தகரக்கொட்டாய் சத்தம், டிரம்மர் என்னை பாத்த பார்வை இன்னும் மறக்கல. ஒரு பென்சிலை நீளவாக்குல பாதியா வர்ற வரைக்கும் தேச்சு, அந்த தட்டை பக்கத்தை முதல் ரெண்டு ஃப்ரெட் (ஃப்ரெட்போர்டுல குறுக்க பதிச்ச உலோகக் கம்பி) மேல படுக்க வச்சு நட்டு மேல ஒரு கோடு இழுங்க. ஃப்ரெட்டோட உயரம் அதுதான், அந்த கோட்டுக்கு கீழ ஸ்லாட் போனா கதை முடிஞ்சுது. கோட்டுக்கு மேல சுமாரா அரை மி.மீ. நிறுத்தினா பேஸுக்கு சரியா இருக்கும், விரல்ல பலமா அடிக்கிற ஆளா இருந்தா இன்னும் துளி கூட விடுங்க. டூவீலர் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வச்சிருப்பாரே ஃபில்லர் கேஜ், அத ஒரு நாள் கடன் வாங்கினா கச்சிதமா அளந்துரலாம்.

அகலம்னு பாத்தா சாதாரண செட்ல ஜி ஸ்ட்ரிங் 1.14 மி.மீ., டி 1.65, ஏ 2.16, ஈ 2.67. ஸ்லாட் அதைவிட ஒரு துளி அகலமா இருக்கணும், இறுக்கமா இருந்தா டியூன் பண்றப்போ டிங்குனு சத்தம் போட்டு திடீர்னு தாவும். இதுக்குன்னே விக்கிற ஃபைல் செட் விலை அதிகம், ஒரே ஒரு நட்டுக்காக வாங்குறது எனக்கு சரியா படல. ரவுண்ட் நீடில் ஃபைல், அப்புறம் பழைய ஸ்ட்ரிங் மேல நைஸ் உப்புத்தாள் சுத்தி தேய்க்கிறது, இது போதும், நட்டை சுத்தி கிட்டார் மேல சாதா டேப் ஒட்டி வச்சுக்கிட்டு பண்ணுங்க. எலும்பு நட்டுன்னா மாஸ்க் போடணும், அந்த தூசி மூக்குல போகக்கூடாது, பல் டாக்டர் கிளினிக் வாசம் வேற வரும். ரெண்டு இழுப்பு இழுத்து, ஸ்ட்ரிங்கை வச்சு, டியூன் பண்ணி, பாத்து, மறுபடி தளர்த்தி... பத்து தடவை ஆகும், அலுத்துக்காதீங்க. கடைசியா பெரிய ஸ்ட்ரிங் பாதி வெளிய தெரியுற மாதிரி நட்டோட தலையை தேச்சு விட்டுருங்க. ஒட்டுறதுக்கு ஃபெவிகால் ரெண்டே சொட்டு, எபாக்ஸி வேண்டவே வேண்டாம், என்னைக்காச்சும் அடுத்த நட்டு மாத்துறவன் உங்கள திட்டக்கூடாதுல்ல.

நட் மாத்தினதுல இருந்து ஏ ஸ்ட்ரிங் ஓப்பனா அடிச்சா மட்டும் சித்தார் மாதிரி ஜ்ஜ்ஜ்னு வருது. விரல் வச்சா சுத்தமா இருக்கு. ஃப்ரெட் தேஞ்சிருச்சா?
– ஒரு வாசகி, கோவை

ஃப்ரெட் மேல பழி போடாதீங்க மேடம், விரல் வச்சா சத்தம் போகுதுன்னாலே குத்தவாளி நட்டுதான். ஸ்லாட் ஹெட்ஸ்டாக் பக்கம் சரிஞ்சு இறங்கணும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்போர்டு பக்க விளிம்புல மட்டும் அழுத்தமா உக்காரணும். தட்டையா வெட்டியிருந்தா ஸ்ட்ரிங் அந்த பரப்பு மேல உரசி உரசி பாடும். தம்புராவுல குதிரைக்கு மேல நூல் விட்டு ஜீவா பிடிச்சு வேணும்னே வரவைக்கிறது இந்த சத்தம்தான், அங்க அது அழகு, பேஸ்ல ஆகாது.

எதுன்னு கண்டுபிடிக்க ஏ ஸ்ட்ரிங்கை தூக்கி ஸ்லாட்டுக்குள்ள சின்ன பேப்பர் துண்டு வச்சு அடிச்சு பாருங்க. ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டை ஒட்டுற மாதிரி தாழ்வா இருந்து, பேப்பர் வச்சதும் சத்தம் போச்சுன்னா ஸ்லாட் ஆழம் கூடிருச்சு. ஃப்ரெட்டுக்கு மேல தாராளமா இடைவெளி இருந்தும் ஜ்ஜ்னு வந்தா சரிவு தப்பு, பின்பக்கம் மட்டும் லேசா இறக்கினா போதும். ஆழம் கூடினதுக்காக புது நட்டு வாங்க வேண்டாம், அடுப்படியில ஆப்ப சோடா இருக்கும்ல, ஒரு சிட்டிகை ஸ்லாட்டுல போட்டு ஒரே ஒரு சொட்டு ஃபெவிக்விக் விடுங்க, உடனே கல்லு மாதிரி இறுகிரும், அப்புறம் திரும்ப வெட்டிக்கலாம். சுள்ளுனு சூடாகும், புகையும் வரும், குனிஞ்சு மூஞ்சிய கிட்ட வச்சு பாக்காதீங்க. சுத்தியும் டேப் ஒட்டிட்டு பண்ணுங்க. இதுல ரொம்ப நாள் ஓடுன கிட்டார் இருக்கு, ஆனா பேஸோட தடிமனான ஸ்ட்ரிங்குக்கு நாளாவட்டத்துல தேயும்னு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

ஓப்பன் ஸ்ட்ரிங் டியூனர்ல கரெக்ட். முதல் ஃப்ரெட், ரெண்டாவது ஃப்ரெட்ல ஷார்ப்பா காட்டுது, மேல போகப் போக சரியாகுது. பிரிட்ஜ் சேடில நகத்தி நகத்தி ஓஞ்சு போய்ட்டேன்.
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் தங்குற அந்த சேடிலை விடு தம்பி. நட்டு உயரமா இருக்கு, அமுக்குறப்போ ஸ்ட்ரிங் கூடுதலா இழுபடுது, சுருதி ஏறிப்போகுது, அதான் ஷார்ப். மூணாவது ஃப்ரெட்ல அமுக்கி, முதல் ஃப்ரெட்டுக்கு மேல இருக்குற இடைவெளிய பாரு, பேப்பர் கனம்தான் இருக்கணும், உனக்கு அதுக்கு மேல நிறைய இருக்கும். மேல சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறக்கு.

எலும்பு நட் போட்டா டோன் மாறும்னு சொல்றாங்களே, உண்மையா?
– ஒரு வாசகர், சென்னை

ஓப்பன் ஸ்ட்ரிங்ல ஒரு துளி மாறலாம். ஒரு ஃப்ரெட்ல விரல் வச்ச நிமிஷமே நட்டுக்கு அந்த நோட்டுல வேலை கிடையாது, அங்க இருந்து அதிர்வு ஃப்ரெட்டுல ஆரம்பிக்குது. 70-கள்ல பித்தளை நட்டு ஒரு ஃபேஷனாவே ஓடுச்சு, எல்லாரும் அதே ஆசையிலதான் போட்டாங்க. நான் எலும்பு போடுறது டோனுக்காக இல்ல, உள்ள பொள்ளலா வர்ற மலிவு பிளாஸ்டிக் மாதிரி மூலை பேராது, ஃபைல் போட்டா சுத்தமா வெட்டுப்படும். எலும்பு வேண்டாம்னு வீட்ல சொன்னா டஸ்க், கிராஃபைட்னு செயற்கையா நல்லதாவே கிடைக்குது, ஒண்ணும் குறைஞ்சு போகாது.

நான் இடது கைக்காரன். வலது கை பேஸை திருப்பி ஸ்ட்ரிங் மாட்டப் போறேன், நட்டை அப்படியே எடுத்து முன்பின்னா திருப்பி வச்சா போதுமா?
– ஒரு வாசகர், மதுரை

அகலம் பொருந்தும், சரிவு பொருந்தாது. பள்ளமான பக்கம் ஃப்ரெட்போர்டை பாத்து வந்துரும், ஸ்ட்ரிங் பின்னாடி விளிம்புல உக்காரும், ஸ்கேல் நீளமே (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) நட்டு கனத்துக்கு கூடிரும், ஒரு நோட்டும் டியூன்ல நிக்காது. லெஃப்ட் ஹேண்ட் நட்டுன்னே தனியா விக்கிறாங்க, இல்லன்னா வெட்டாத கட்டை ஒண்ணு வாங்கி நாசரேத்துக்காரருக்கு சொன்னத மேல இருந்து படிச்சுக்கிட்டே வெட்டுங்க.