துகள் இயற்பியலாளர்களுக்கு ஒரு பயனர் சங்கம்: தருமபுரி, கிருஷ்ணகிரி அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

அணுவினும் சிறிய துகள்களை ஆராயும் துகள் இயற்பியலில் ஆய்வு செய்யும் கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தமக்கென ஒரு பயனர் சங்கம் தொடங்க வேண்டும் என்னும் பேச்சு நம் இரு மாவட்டங்களிலும் சில காலமாக நடந்து வருகிறது. வெளிநாட்டு ஆய்வகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன், இரண்டு பயனர் குழுக்களில் உறுப்பினராக இருந்தவன் என்ற முறையில் என்னிடம் கேள்விகளை அனுப்பியிருந்தீர்கள். ஒரே பொருளைப் பற்றி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி): நம் பகுதியில் துகள்களை வேகப்படுத்தும் முடுக்கி எதுவும் இல்லை. இல்லாத கருவிக்குப் பயனர் சங்கம் எதற்கு?

பதில்: ஐயா, துகள் இயற்பியலில் கருவி ஓரிடத்திலும் அதைப் பயன்படுத்துபவர்கள் வேறு இடங்களிலும் இருப்பதுதான் வழக்கம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் துகள்களை வேகப்படுத்தி எதிரெதிரே மோதவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மோதுவியில் ஆய்வு செய்யும் பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் அந்த ஆய்வகத்தின் ஊழியர்கள் அல்லர். தத்தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சம்பளம் பெற்றுக்கொண்டு, வந்து போகிறவர்கள். அவர்களைத்தான் 'பயனர்' என்று அழைக்கிறார்கள். ஊழியருக்கு ஊழியர் சங்கம் உண்டு, நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. பயனருக்கு இரண்டும் இல்லாததால் தனி அமைப்பு தேவைப்பட்டது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 1967-லேயே, அதாவது ஆய்வகம் தொடங்கிய காலத்திலேயே, பயனர் அமைப்பும் தோன்றிவிட்டது.

நம் பகுதிக்கும் இத்துறைக்கும் தொடர்பில்லை என்று தாங்கள் எண்ண வேண்டியதில்லை. நம் மாவட்ட எல்லைக்கு அப்பால், குப்பத்தைத் தாண்டினால் வந்துவிடும் கோலார் தங்க வயலில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உண்டாகி எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் 1965-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் மற்றொரு குழுவும் அதைக் கண்டது. பிறகு 1980-களில் அணுக்கருவிலுள்ள புரோட்டான் தானாகச் சிதைகிறதா என்று தேடும் 140 டன் இரும்புக் கருவியும் கோலாரில்தான் நிறுவப்பட்டது. ஆனால் சுரங்கம் தங்கத்துக்காக வெட்டப்பட்டது. தங்கம் கட்டுப்படியாகாத நிலையில் ஆழப் பகுதிகள் கைவிடப்பட்டன, 1990-களின் தொடக்கத்தில் ஆய்வும் நின்றது, 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது. பயனர் சங்கம் ஒன்று இருந்திருந்தால் அது நின்றிருக்காது என்று நான் சொல்லமாட்டேன். இடம் ஒருவருடையதாகவும் ஆய்வு மற்றொருவருடையதாகவும் இருக்கும்போது, இடத்தைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் அறையில் ஆய்வாளரின் குரலும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் எனக்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

கேள்வி (ஆய்வு மாணவர், பென்னாகரம்): நான் செர்ன் மோதுவியில் இயங்கும் சி.எம்.எஸ். ஆய்வுக் கூட்டணியின் தரவைக் கொண்டு ஆய்வு செய்கிறேன். கூட்டணிக்கே குழுக்கள் பல இருக்கும்போது இன்னொரு சங்கம் என்ன செய்துவிடும்?

பதில்: தம்பி, கூட்டணி உங்கள் ஆய்வுக்குப் பொறுப்பு, உங்கள் வாழ்க்கைக்குப் பொறுப்பன்று. விசா தாமதமாவது, ஜெனீவாவில் வாடகை அறை கிடைக்காதது, மருத்துவக் காப்பீடு, முனைவர் பட்டம் முடித்தபின் வேலை ஆகியவை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இடம்பெறுவதில்லை. செர்னில் இவற்றைப் பேசுவதற்கென்றே நாடுவாரியாகப் பயனர் பிரதிநிதிகள் அமரும் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. இந்தியா 2002-ல் பார்வையாளர் நாடாகவும் 2017-ல் இணை உறுப்பு நாடாகவும் ஆனது. நாடு பணம் செலுத்துகிறது, சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் ஆய்வில் இடம்பெறுகின்றன; ஆனால் ஒரு மாவட்டக் கல்லூரியில் முதுகலை முடித்தவருக்கு அங்கே போகும் வழியைச் சொல்ல ஆளில்லை. மேலும், நீங்கள் சி.எம்.எஸ்., உங்கள் நண்பர் செர்னிலேயே ஆலிஸ் என்னும் வேறோர் ஆய்வு, இன்னொருவர் ஜப்பானின் பெல் 2 ஆய்வு என்று பிரிந்து கிடக்கும்போது, எல்லோருக்கும் பொதுவான குறையை எந்தக் கூட்டணியும் தன் குறையாக எடுத்துக்கொள்ளாது.

கேள்வி (கல்லூரிப் பேராசிரியர், தருமபுரி): பதிவு செய்வதற்கான வழிமுறை என்ன?

பதில்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், அறிவியல் வளர்ச்சி அச்சட்டம் ஏற்கும் நோக்கங்களுள் ஒன்று. உறுப்பினர் எண்ணிக்கை இருபதை எட்டிவிட்டால் பதிவு கட்டாயம். சங்கக் குறிப்பையும் துணைவிதிகளையும் மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அரசின் ஆதரவு இருப்பதாகத் தோன்றும் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். கோப்பு அதனாலேயே திரும்பி வரும்.

துணைவிதிகளை மட்டும் வேறு சங்கத்திடமிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். யார் உறுப்பினராகலாம் என்பதை நீங்களே எழுத வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் மட்டும் போதாது. கருவி செய்யும் பொறியாளர், தரவுக் கணினிகளைப் பராமரிப்பவர், பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஆகியோரையும் எண்ணிப் பாருங்கள். செயற்குழுவின் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டு என்று வைத்து, ஆண்டுதோறும் பாதிப் பேர் விலகிப் புதியவர்கள் வருமாறு அமைத்தால், பழைய அனுபவமும் புதிய ஆட்களும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஃபெர்மி ஆய்வகப் பயனர்கள் இம்முறையைத்தான் கையாண்டார்கள்.

கேள்வி (அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர், ஊத்தங்கரை): நான் அரசுப் பணியில் இருக்கிறேன். பொறுப்பு ஏற்கலாமா? நிதி திரட்டலாமா?

பதில்: இரண்டையும் தனித்தனியே பாருங்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, பதிவு பெற்ற அறிவியல் சங்கத்தின் பணிகளில் பங்கேற்பதற்குத் தடையில்லை. ஆனால் தேர்தல் வழியாக வரும் பதவியை ஏற்க முன் அனுமதி வேண்டும், பிறரிடம் நிதி கேட்பதற்கும் முன் அனுமதி வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கும் உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் தனித்தனி விதிகள் உள்ளன. எனவே எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்திலேயே பதில் பெற்றுவிடுங்கள். 'முதல்வர் வாய்மொழியாகச் சரி என்றார்' என்பது அவர் இடமாற்றம் ஆகும் நாள் வரைதான் செல்லும். பொருளாளராக ஓய்வுபெற்ற ஒருவரையோ தனியார் கல்லூரி ஆசிரியரையோ தேர்ந்தெடுத்தால் இச்சிக்கலின் பெரும்பகுதி வராமலே போகும்.

கேள்வி (பலர்): பணம் எங்கிருந்து வரும்? ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து சங்கச் செலவைச் செய்யலாமா?

பதில்: கூடாது. இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க அனுபவத்தை முதலில் சொல்லுகிறேன். டெக்ஸஸ் மாநிலத்தில் 87 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு மாபெரும் மோதுவி கட்டப்பட்டு வந்தது. ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவாகி, இருபது கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் தோண்டிய பிறகு, 1993 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதைக் கைவிட்டது. இத்தகைய முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன என்பதால், ஃபெர்மி ஆய்வகப் பயனர்களும் செர்னில் பணியாற்றும் அமெரிக்கர்களும் ஆண்டுதோறும் வாஷிங்டன் சென்று மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்துத் தங்கள் துறையை விளக்கி வருகிறார்கள். ஆனால் அரசு தரும் ஆய்வு மானியத்தைச் நாடாளுமன்ற ஆதரவு திரட்டும் வேலைக்குச் செலவிடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அந்தப் பயணத்துக்கு வேறு பணம் தேவைப்படுகிறது. நம் நாட்டில் சட்டம் வேறு, காரணம் ஒன்றே. அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சி.எம்.எஸ்., ஆலிஸ் ஆய்வுகளில் இந்தியாவின் பங்குக்கு நிதி தருகின்றன. அந்த நிதியைப் பற்றி நாளை நீங்கள் ஒரு குறை சொல்ல நேர்ந்தால், அதே நிதியில் நடக்கும் சங்கத்தால் அதைத் தயங்காமல் சொல்ல முடியுமா? எனவே சங்கத்தின் அன்றாடச் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறு வருமானம் எவ்வளவு வந்தாலும், அது நின்றுபோனால் சங்கம் நிற்காத அளவுக்குச் சந்தா இருக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். நிரந்தரப் பணியில் உள்ள 40 பேர் ஆண்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால் 40,000. மாணவர்கள் 60 பேர் 100 ரூபாய் கொடுத்தால் 6,000. எட்டுக் கல்லூரிகள் நிறுவன உறுப்பினர்களாக 5,000 ரூபாய் கொடுத்தால் 40,000. மொத்தம் 86,000 ரூபாய். ஏதேனும் ஒரு கல்லூரி அரங்கைக் கட்டணமின்றித் தந்தால், 150 பேருக்கு ஒருநாள் ஆண்டுக் கூட்டத்தின் உணவுக்கு 150 ரூபாய் வீதம் 22,500 ஆகும். ஐந்து மாணவர்களுக்குப் பயண உதவி தலா 4,000 என்றால் 20,000. தணிக்கை, பதிவுத்துறைக் கட்டணம், அஞ்சல், அச்சு எல்லாம் போக மிச்சமும் இருக்கும். சங்கம் நடத்த லட்சக்கணக்கில் வேண்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

கருத்தரங்கு போன்ற தனி நிகழ்ச்சிகளுக்கு மானியம் கேட்பதில் தவறில்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும், 2023-ன் சட்டப்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும், அணுசக்தித் துறையின் அணு அறிவியல் ஆய்வு வாரியமும் இத்தகைய விண்ணப்பங்களுக்கு உரியவை. அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கேடு வையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் செலவுச் சான்றிதழை அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்துவிடுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பாலக்கோடு): சிறிய சங்கங்களில் கணக்குதான் முதலில் கெடுகிறது. அதற்கு என்ன ஏற்பாடு?

பதில்: தாங்கள் சொல்வது என் அனுபவமும் ஆகும். பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கோடைப் பயிற்சி முகாமுக்குப் பணம் திரட்டினோம். பதிவு இல்லாததால் வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல், எங்களுள் ஒருவரின் சொந்தக் கணக்கிலேயே போட்டு வைத்தோம். முகாமுக்கு மூன்று வாரம் இருக்கையில் அவர் திடீரென நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் படுத்துவிட்டார். அவர் மீது யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய குடும்பத்தாரிடம் அந்த நேரத்தில் பணத்தைப் பற்றிப் பேசவும் எங்களுக்கு மனம் வரவில்லை. முகாம் நடக்கவில்லை. விண்ணப்பித்திருந்த மாணவர்களுக்குக் கடிதம் எழுதிய அந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே பதிவுச் சான்று கைக்கு வரும் முன் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். காசோலையில் இருவர் கையொப்பம் இருக்கட்டும்; அந்த இருவரும் ஒரே கல்லூரியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம். நிதியாண்டு முடிந்தபின் பொதுக்குழுவைக் கூட்டி, தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளருக்கு அனுப்புவதை ஓராண்டும் தவறவிடாதீர்கள். தங்களைப் போன்ற ஒருவர் உள்தணிக்கையாளராக வர இசைந்தால் சங்கத்துக்கு அது பெரிய பேறு.

கேள்வி (தொழிற்கூட உரிமையாளர், ஓசூர்): ஓசூர் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமா? எங்களைப் போன்ற சிறு நிறுவனங்களுக்கு இதில் என்ன இடம்?

பதில்: கம்பெனிகள் சட்டம், 2013-ன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அதைப் பெறும் சங்கத்துக்கு வருமான வரித் துறையின் பதிவுகளும், மூன்று ஆண்டுச் செயல்பாடும், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனிப் பதிவும் இருக்க வேண்டும். எனவே இது நான்காம் ஆண்டில் யோசிக்க வேண்டிய செய்தி.

தங்கள் தொழிற்கூடத்தின் இடம் நன்கொடையைவிடப் பெரியது. செர்ன் மோதுவியின் காந்தங்களை நுட்பமாக நிலைநிறுத்தும் தாங்கிகள் ஏறத்தாழ 7,000 இந்தியாவிலிருந்து சென்றவை, சி.எம்.எஸ். கருவியின் ஒரு பகுதிக்கான சிலிக்கான் உணரிகள் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்யப்பட்டவை. இணை உறுப்பு நாடு என்பதால் இந்திய நிறுவனங்கள் செர்னின் ஒப்பந்தப்புள்ளிகளில் கலந்துகொள்ளலாம். ஆண்டுக் கூட்டத்தில் ஓர் அமர்வைத் தொழிற்கூடங்களுக்கு ஒதுக்கினால் இரு தரப்புக்கும் நல்லது. ஆயினும், ஒப்பந்தம் கேட்கும் நிறுவனத்திடம் சங்கம் நன்கொடை பெறக்கூடாது என்று துணைவிதியிலேயே எழுதிவிட வேண்டும்.

கேள்வி (அரூர்): வெளிநாட்டில் உள்ள நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது, அவர் நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைப் பெறுவது குற்றம். அனுப்புபவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கேள்வி (இயற்பியல் ஆசிரியர், காவேரிப்பட்டினம்): தேனியில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்த பின், மக்கள் நம் சங்கத்தையும் ஐயத்தோடு பார்ப்பார்களே?

பதில்: பார்க்கக்கூடும், அந்த ஐயத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பொட்டிப்புரத்தில் அமையவிருந்த ஆய்வகம் இயற்கையில் வந்துகொண்டே இருக்கும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்வதற்கானது. அங்கே கதிரியக்கப் பொருள் எதையும் உண்டாக்கும் திட்டம் இல்லை. ஆனால் மலை, தண்ணீர், பாறை வெடிப்பு ஆகியவற்றைப் பற்றி மக்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். அவற்றுக்குத் தமிழில், நேரில், பொறுமையாகப் பதில் சொல்லும் ஆட்கள் தொடக்கத்திலிருந்தே போதிய அளவில் இருந்திருக்க வேண்டும். சங்கத்தின் நிதியில் ஒரு பங்கைப் பள்ளிகளுக்கும் ஊர்க் கூட்டங்களுக்கும் என ஒதுக்குங்கள். விண்ணிலிருந்து வரும் மியூவான் துகள்களைக் காட்டும் சிறிய கருவி ஒன்றை ஒரு மேசையில் வைத்துவிடலாம். அதைப் பார்த்த மாணவருக்கு முடுக்கியைப் பற்றி நீங்கள் அதிகம் பேச வேண்டியிராது.

கேள்வி (ஆய்வு மாணவி, தேன்கனிக்கோட்டை): இத்தகைய சங்கங்களில் மாணவர்கள் நாற்காலி எடுத்துப்போடும் வேலைக்குத்தான் அழைக்கப்படுகிறார்கள். இங்கே வேறாக இருக்குமா?

பதில்: வேறாக இருக்க வேண்டுமானால் துணைவிதியில் எழுதப்பட வேண்டும், அம்மா. செயற்குழுவில் குறைந்தது இரண்டு இடங்கள் மாணவர்களுக்கு, வாக்குரிமையுடன், மாணவர்களே தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கட்டும். பயண உதவி வழங்கும் துணைக்குழுவில் அவர்களுள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த உதவியைப் பயணம் முடிந்தபின் ரசீது பார்த்துத் தருவதே எங்கும் வழக்கம். அதை மாற்றி, முன்பணமாகவே கொடுக்க வேண்டும் என்று முதல் பொதுக்குழுவில் நீங்கள் தீர்மானம் கொண்டுவாருங்கள். மும்பைக்குப் போக வர ரயில் கட்டணத்தைக் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க இயலாத மாணவர்கள்தாம் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அவர்கள் விண்ணப்பிக்காததால் அப்படி ஒரு குறை இருப்பதே குழுவுக்குத் தெரிவதில்லை.