அப்பாயியும் கோதுமையும் – கடிதம், பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

தில்லி துவாரகாவிலிருந்து எழுதுகிறேன். வேலை குருகிராமில். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்து, வெவ்வேறு நாடுகளின் விசித்திரமான டிவி நிகழ்ச்சிகளைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். நார்வேயில் ரயிலின் முகப்பில் கேமராவை வைத்து ஏழு மணி நேரம் பாதையைக் காட்டியிருக்கிறார்கள். இன்னொரு முறை விடிய விடிய விறகு எரிவதைக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் பச்சைக் குழந்தைகளைத் தனியாகக் கடைக்கு அனுப்பிப் படம் பிடிக்கிறார்கள். அதே ஜப்பானில் ஒருவனை உடை இல்லாமல் ஓர் அறையில் அடைத்துப் பல மாதம் காட்டியிருக்கிறார்கள். எல்லாமே பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் விட முடியவில்லை. அந்த ரயிலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்! மனைவி கேலி செய்கிறாள். இது ஏதாவது நோயா? இந்த நேரத்தில் நல்ல இலக்கியம் படிக்கலாமே என்று உறுத்துகிறது. நம் சேனல்கள் ஊட்டி ரயிலை வைத்து இப்படி ஒன்று எடுத்தால் என்ன?

ரா.

அன்புள்ள ரா.,

நோய் இல்லை. மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இலக்கியம் படிக்காத உறுத்தலை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், படிக்கிறவர்கள் மெட்ரோவில் நின்றுகொண்டும் படிக்கிறார்கள். ஊட்டி ரயில் நல்ல யோசனை. எடுக்கிறவர்கள் பின்னணி இசை போடாமல் இருந்தால் போதும்.

ஆனால் ரயிலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினேன் என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பெர்கனிலிருந்து ஆஸ்லோ போகும் அந்தப் பாதை 1909-இல் முழுதாகத் திறக்கப்பட்டது. நூறு வருஷம் ஆனதற்காக, நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி என்.ஆர்.கே. 2009 நவம்பர் 27 அன்று முழுப் பயணத்தையும் வெட்டாமல் காட்டியது. சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தால் மட்டும் பழைய ஆவணப் படங்கள். ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் அதில் ஏதாவது ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வேகத்தை அல்ல. ஸ்டேஷனில் ரயில் சும்மா நிற்கும் நேரமும் அவர்களுக்கு நிகழ்ச்சிதான். நீங்கள் அதைப் பாதியாக்கிவிட்டீர்கள். உங்கள் ரயிலில் பிளாட்பாரத்து மனிதர்களெல்லாம் பொம்மைபோல விறுக்விறுக்கென்று நடந்திருப்பார்கள். அவர்கள் விசித்திரமாகத் தெரிந்தது யார் குற்றம்?

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அப்பாயியை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் அம்மா. மன்னார்குடிப் பக்கம். தாத்தா போனபிறகு 1983-இல் அப்பா அவளைத் தில்லிக்கு அழைத்துவந்தார். ஆர்.கே. புரத்தில் இரண்டு அறை அரசுக் குடியிருப்பு. முந்தின வருஷம் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி ஒன்று வீட்டில் இருந்தது. வாழ்நாள் முழுக்க வயலும் மாடுமாக இருந்தவளுக்கு அந்த வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வருவாள். மற்ற நாளெல்லாம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

சாயங்காலம் 'கிருஷி தர்ஷன்' வரும். தில்லியைச் சுற்றியிருந்த 80 கிராமங்களுக்காக 1967 ஜனவரி 26 அன்று தொடங்கிய விவசாய நிகழ்ச்சி. எங்கள் பிளாக்கில் பிள்ளைகள் யாருக்கும் அதைக் கண்டால் ஆகாது. எங்களுக்கு இந்தி சினிமாப் பாட்டு போடும் சித்ரஹார்தான் வேண்டும். அதற்கு முன்னால் கோதுமைக்கு உரம் போடுவதை யார் பார்ப்பது?

அப்பாயி பார்த்தாள். இந்தியில் ஒரு சொல் தெரியாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொள்வாள். நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் பாக்கு வெட்டுவாள். வயலைக் காட்டி, அதில் ஒரு கை மண்ணைத் தொட்டால் பாக்குவெட்டி நின்றுவிடும். "பாரு புள்ள, உருட்டிப் பாக்குறான். எங்க மாமனாரும் இப்புடித்தான் உருட்டுவாரு." கோதுமை வயலில் தண்ணீர் நிற்பதில்லை என்பதை அவளால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "காலு நனையாம இது என்னடி வெள்ளாம!" என்று திட்டுவாள். மறுநாள் அதே இடத்தில் வந்து உட்காருவாள்.

இதில் அவளுக்கு முன் அனுபவம் இருந்தது. அறுபதுகளின் நடுவில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஆடுதுறை 27 என்ற குறுவை நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி, ஜனங்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் வயலில் அதைப் போட வேண்டும் என்று தாத்தாவிடம் சண்டை போட்டவள் அப்பாயி. பெட்டியிலிருந்து வருகிற குரலை நம்பி விதை மாற்றியவள் அவள். அதனால் டிவியை அவள் பொழுதுபோக்குச் சாமானாக நினைத்ததே இல்லை. அங்கே யாரோ உழுகிறார்கள், நாம் வரப்பில் நின்று பார்க்கிறோம். வரப்பில் நிற்கிறவள் உழுகிறவனை வேகமாகப் போகச் சொல்வாளா?

நார்வேக்காரர்களின் விறகு நிகழ்ச்சி 2013 பிப்ரவரியில் வந்தது. மொத்தம் 12 மணி நேரம். முதலில் விறகு வெட்டுவது, அடுக்குவது பற்றிய பேச்சு. பிறகு ராத்திரி முழுக்க ஒரு கணப்பு எரிவது. விறகின் பட்டை மேல் பக்கம் இருக்க வேண்டுமா, கீழ் பக்கம் இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து புகார் அனுப்பினார்கள். உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். அப்பாயி இருந்திருந்தால் இரண்டில் ஒரு கட்சியில் சேர்ந்திருப்பாள். வைக்கோல் போர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கூலி கொடுத்த பிறகும் ஆட்களைக் கூப்பிட்டுப் பிரித்து மேயச் சொல்லுகிறவள். தப்பாக வேய்ந்தால் மழையில் உள்ளே அழுகும், மாடு பட்டினி கிடக்கும். குளிரில் வாழ்கிறவனுக்கு விறகும் அப்படித்தான். நமக்கு அந்தக் கவலை இல்லை என்பதற்காக அவன் பைத்தியமாகிவிட மாட்டான்.

அந்தச் சொல்லை இனி எழுதாதீர்கள். கடைக்குப் போகும் குழந்தைகள் நிகழ்ச்சி ஜப்பானில் 1991-இலிருந்து வருகிறது. இரண்டு வயது ஒன்பது மாதக் குழந்தை ஒன்று ஒரு கிலோமீட்டர் நடந்து கடைக்குப் போவதை நானும் பார்த்தேன். சுற்றிலும் படக்குழுவினர் வழிப்போக்கர் வேஷத்தில் இருக்கிறார்கள். நாலு வயதில் என்னை மதர் டெய்ரி பால் பூத்துக்குத் தூக்குச்சட்டியோடு அனுப்பிவிட்டு, அம்மா பால்கனியில் நின்றாள். அவள் கையில் கேமரா இல்லை, அவ்வளவுதான்.

அம்மண மனிதரை இந்த வரிசையில் சேர்த்ததுதான் எனக்கு வலித்தது. நசுபி என்ற பெயரில் அறியப்பட்டவர். 1998-இல் அவரை ஓர் அறையில் தனியாக விட்டு, பத்திரிகைப் பரிசுப் போட்டிகளுக்கு எழுதிப்போட்டு, பத்து லட்சம் யென் மதிப்புக்குப் பரிசு சேரும்வரை அதிலேயே பிழைக்கச் சொன்னார்கள். நாய்த் தீனியைக்கூடத் தின்றார். நாடு முழுவதும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. ரயில் ஓட்டுநருக்குக் கேமரா தெரியும். விறகு வெட்டுகிறவனுக்குத் தெரியும். இவருக்குச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைக்கும் கண்ணை முதலில் கழுவுங்கள். வேறெதையாவது பார்ப்பதெல்லாம் பிறகு.

கடுமையாகச் சொல்கிறேனோ? உங்கள் வயதில் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், அவனிடமும் இப்படித்தான் பேசுவேன். ராத்திரி ஒன்பதரைக்கு வந்து, மொழி தெரியாத ஊரின் ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்காரும் உங்களை எனக்குத் தெரியும். அப்பாயியும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட இந்திச் சொல் ஒன்றே ஒன்று. கேத். வயல். ஒருநாள் நிகழ்ச்சி நடுவில் படம் போய்விட்டது. வழக்கமான அறிவிப்புப் பலகை வந்தது. என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். "ருகாவட் கே லியே கேத் ஹை" என்று வாசித்தேன். தடங்கலுக்கு வருந்துகிறோம். வருத்தத்துக்கும் வயலுக்கும் இந்தியில் கடைசி எழுத்துதான் வித்தியாசம். நம் காதுக்கும் நம் எழுத்துக்கும் இரண்டும் ஒன்று. அது வேற கேத், அப்பாயி, என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பலகை அப்படியே இருந்தது. அவளும் அப்படியே இருந்தாள், வெட்டாத பாக்கு கையில்.

"இன்னுமா அப்பாயி பாக்குற?"

"வயலு இருக்குன்னுதானே போட்டுருக்கான். வரும்."